முருகன் கிண்ணம்

இப்போது எங்கள் மலை ஊரான தானா ராத்தாவின் கடைவீதியில் கோப்பை, பை, சட்டை என்று எதைப் பார்த்தாலும் அந்தச் சேவல் படம்தான். நம் நாட்டு வடிவமைப்பு என்று சொல்லிச் சுற்றுலாக்காரர்களிடம் விற்கிறார்கள். இந்த ஞானம் நான் நாலாம் வகுப்பில் இருந்தபோதே யாருக்காவது வந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுச் சாமி மேடையில் ஒரு கிண்ணம் இருந்தது. அம்மா அதில்தான் விபூதி வைத்திருப்பாள். வெளிப்புறத்தில் கறுத்த வாலோடு ஒரு சிவப்புச் சேவல், பக்கத்தில் ஒரு வாழை. சேவல் முருகன் கொடியில் இருப்பது. வாழை கோயில் வாசலில் கட்டுவது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அது முருகன் கிண்ணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருடம் தானா ராத்தாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். நம் நாட்டு வடிவமைப்பைக் காட்டும் பொருள் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோய் அதன் கதையைச் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் மலாய்க்காரர்களின் பாத்தேக் துணியும் பட்டமும் கொண்டுவந்தார்கள். நான் அம்மாவுக்குத் தெரியாமல் விபூதியைக் காகிதத்தில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பாட்டன் கப்பலில் கொண்டுவந்தது என்று மேடையில் ஒரு சரடும் விட்டேன். பரிசு எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடுவராக வந்திருந்த சீன ஆசிரியர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதே மாதிரிக் கிண்ணத்தில்தான் தன் அம்மா தனக்குக் கஞ்சி ஊற்றுவார் என்றும், இது சீனத்திலிருந்து வந்த வடிவம் என்றும் அன்பாகத்தான் சொன்னார். மண்டபமே சிரித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தைக் கோழித் தீனி மூட்டைக்குள் எறிந்தேன். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள்.

“இது முருகன் கிண்ணம்னு நான் எப்பலா சொன்னேன்? நீ பொறந்தப்ப நான் காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியாம கெடந்தேன். கோலா தெர்லாவுல காய்கறித் தோட்டம் வச்சிருந்த சீன அக்கா, தெனம் லோரியில கஞ்சி கொடுத்து விட்டாங்க. இந்தக் கிண்ணத்துலதான். திருப்பிக் கொடுக்கலாம்னு போனா, அவங்க ஊர விட்டே போயிட்டாங்க.”

அப்படியென்றால் நம் வீட்டுக் கிண்ணமே இல்லையா என்று எனக்கு அவமானம் இன்னும் கூடிப்போனது. அம்மா ஈரத்தைத் துடைத்து, காகிதத்திலிருந்த விபூதியை நிரப்பி, பழைய இடத்திலேயே வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அன்று நான், முருகனைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.