அம்மிக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்

பொருளாதார மந்தம் விலகிக்கொண்டிருக்கிறது என்று செய்தித்தாளில் எப்போது படித்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதினவன் எந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதினான் என்று கேட்கத் தோன்றும். வீட்டில் இது பழகிவிட்டது. நான் பேப்பரை மடக்கி எறிந்தால், மந்தம் போய்விட்டதாக எவனோ எழுதியிருக்கிறான் என்று புரிந்துகொண்டு காப்பி போட எழுந்துவிடுவார்கள்.

எண்பதுகளில் நான் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளையவில்லை. எண்ணெய் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. மூட்டை தூக்குகிறவன் கையில் காசில்லை என்றால் துணிக்கடைக்காரன் ஈ ஓட்ட வேண்டியதுதான், துணிக்கடைக்காரன் ஈ ஓட்டினால் டீக்கடைக்காரன் பால் வாங்குவதைக் குறைக்கிறான். எங்கள் பக்கத்தில் மந்தநிலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. 'டல்' என்பார்கள். யாவாரம் டல், ஊரே டல். முதலாளி தன் இரண்டு வண்டிகளில் ஒன்றை ஷெட்டில் நிறுத்தினார். அது என் வண்டி. ஓடும்போது சொல்லி அனுப்புகிறேன் என்றார். ஆறு வருஷம் அவரிடம் விசில் ஊதியதற்கு அவ்வளவுதான் மரியாதை.

அந்த வேலையில்லாத மாதங்களில் எனக்குச் சோறு போட்டது என் அக்கா. அம்மா போன பிறகு எனக்கு இருந்த ஒரே உறவு அவள்தான். பனமலை ஏரிக்குக் கீழே ஒருவர் நிலத்தில் அவளும் மாமாவும் கூலி வேலை செய்தார்கள். ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது, அவர்களுக்கே வேலை இல்லை. ஆனாலும் விழுப்புரத்துக்கு யார் வந்தாலும் அவர்கள் கையில் ஒரு துணிப்பையில் கேப்பை மாவு வந்துவிடும். தன் இரண்டு பிள்ளைகளின் கூழில் தண்ணீரைக் கூட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் களி கிண்டித் தின்றேன். பசிக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் முதலாளி ஆள் அனுப்பினார். ஓடிப்போய்ப் பார்த்தால் ஷெட்டில் வண்டிக்குச் சந்தனம், மாலை எல்லாம் தயாராக இருந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி வண்டியை வெளியே எடுத்தோம். இருக்கிற ஒரு வண்டியில் ஜனம் தொங்கிக்கொண்டு போகிறதாம், டிரிப் போதவில்லையாம். டல் போய்விட்டது என்று வியாபாரிகள் கூட்டத்தில் முதலாளி எழுந்து நின்று பேசியிருக்கிறார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். என் பஸ்ஸை வந்து பாருங்கள் என்றாராம். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். கழுத்தில் பையை மாட்டியபோது தோள் தானாக நிமிர்ந்தது.

சந்தோஷம் மூன்றாம் நாளே தீர்ந்தது. காலையில் விழுப்புரத்தில் நிற்க இடமில்லாமல் ஏறும் கூட்டம் விக்கிரவாண்டியில் இன்னும் நசுங்கும். கூட்டேரிப்பட்டில் நான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் டிக்கெட் போடுவேன். எல்லோரும் திண்டிவனத்தில் இறங்கி மெட்ராஸ் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். திரும்பி வரும்போது சீட்டெல்லாம் காலி. யாவாரம் நன்றாக இருந்தால் போகிறவன் சாயங்காலம் பொருளோடு திரும்பி வரமாட்டானா? இவர்கள் திரும்பவில்லை. ஒரு பக்கம் மட்டும் ரொம்பிப் போகிற பஸ்ஸைப் பார்த்து ஊர் தேறிவிட்டது என்று பேச எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கூலி ஜனம் கரும்பு வெட்டவோ ரோடு வேலைக்கோ வெளியூர் போவது புதிதல்ல. பானை, பாய், ஒரு அரிவாள், அவ்வளவுதான் கொண்டுபோவார்கள். அம்மிக்கல்லைத் தொடமாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் அது கிடந்தால் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் எவரும் அதை எடுக்கமாட்டார்கள். அந்த வருஷம் பஸ் டாப்பில் அம்மி ஏறியது. ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று ஏறியது. மண் ஒட்டிய அடிப்பக்கத்தோடு பெயர்த்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். ஊர் காலியாகிறதுங்க, போகிற பக்கம்தான் கூட்டம் என்றேன். அவர் கணக்கு எழுதுவதை நிறுத்தக்கூட இல்லை.

"அந்தக் கூட்டத்தாலதான் உனுக்கு வேலை. அபசகுனமா பேசாத, வண்டிக்குப் போ."

எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று சும்மாவா சொன்னார்கள். டிரைவரிடம் புலம்பினால், "நாய் வித்த காசு கொரைக்குமாப்பா?" என்று சிரித்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார். எனக்கு அவர்மேலும் கோபம். என் கையிலிருந்த விசில்மேலும் கோபம்.

தை பிறந்த கையோடு ஒரு காலை, விழுப்புரம் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். பனமலைப் பக்கத்து முதல் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். பின்னால் இரண்டு பிள்ளைகள், மாமா. மாமாவின் தோளில் சாக்கு சுற்றிய அம்மி. குழவியைப் பெரியவள் இடுப்பில் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் இப்படி வரலாமா என்று கேட்டேன். சொன்னால் நீ விடமாட்டாய் என்றாள்.

அம்மியை மட்டுமாவது என் அறையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மழை பெய்து ஏரி ரொம்பினால் வந்துவிடலாம், ஒரு வருஷம், அதிகம் போனால் இரண்டு வருஷம் என்றேன். அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் அம்மியை இறக்காமலே பேசினார்.

"ஏரி ரொம்பினா மட்டும் இன்னா மச்சான்? நெலத்துக்காரரு சவுக்கு நடப் போறாரு. சவுக்குக்குக் களை எடுக்க ஆளு வாணாம், நாத்து நட ஆளு வாணாம். இனிமே எங்களுக்கு அங்க இன்னா வேலை?"

சவுக்கு நட்டால் நிலத்துக்காரருக்கு நல்ல காசு வரும். அவருக்கு டல் போய்விடும். அது யார் தலையில் ஏறி இறங்கிப் போகிறது என்று எந்தப் பேப்பரும் எழுதாது.

அப்போதுதான் முதலாளி வந்தார், கூடவே ஒரு துணிக்கடைக்காரர். தன் பஸ்ஸின் கூட்டத்தைக் காட்டத்தான் அவரைக் கூட்டிவந்திருந்தார். பாத்தீங்களா, பாத்தீங்களா என்று கையை நீட்டினார். நீட்டிய கை டாப்பில் ஏறிக்கொண்டிருந்த அம்மியில் போய் நின்றது. அதற்கு லக்கேஜ் போட்டாயா என்று என்னைக் கேட்டார். என் அக்காங்க என்றேன். அக்காவா இருந்தா கல்லு எடை குறைஞ்சிடுமா என்றார். துணிக்கடைக்காரர் சிரித்தார்.

பையைக் கழற்றி அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். வாரில் கை போய்விட்டது. அக்கா குறுக்கே வந்து என் கையைப் பிடித்தாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்துச் சில்லறையை என் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"டிக்கெட்டப் போடுடா தம்பி. மறுபடியும் உன் வேலை போச்சுன்னா, கேப்பை மாவு அனுப்ப இனிமே அங்க ஆளு இல்ல."

போட்டேன். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டிக்கெட், அம்மிக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். திண்டிவனம் போய்ச் சேரும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை. அங்கே மாமா அம்மியைத் தோளில் ஏற்றியதும் நால்வரும் மெட்ராஸ் பஸ்ஸைத் தேடிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். திரும்பி வந்த டிரிப்பில் ஒரு பெரியவரும் அவருடைய ஆட்டுக்குட்டியும்தான் இருந்தார்கள்.

சாயங்காலம் ஷெட்டில் முதலாளி எங்கள் எல்லோருக்கும் ஸ்வீட் பொட்டலம் கொடுத்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து இவ்வளவு வசூல் வந்ததில்லையாம். நான் வாங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார், பையை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வியாபாரிகள் கூட்டத்தில் அந்த நாள் வசூலைச் சொல்லித்தான் டல் தீர்ந்தது என்று அடித்துப் பேசினாராம். அந்த வசூலில் என் அக்கா கொடுத்த அம்மிக்காசும் இருந்தது.