விரதமிருந்த மகனை அடித்தேன்

காவடிக்கு விரதம் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. பெற்ற பிள்ளையானாலும் சாமி என்றுதான் அழைக்க வேண்டும். வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும். எங்கள் வீட்டில் அது தவறியதில்லை. அந்த மரியாதை குறையாமலேயே என் மகனை அடித்தேன்.

அவனுக்கு அப்போது இருபது வயது. அவனுடைய அம்மா இறந்தபின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கூடப் படித்த, கிள்ளான் ஊர்ப் பையன் ஒருவனைக் காதலிப்பதாக ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவனே சொன்னான். "உங்ககிட்ட மறைச்சு வாழ முடியலப்பா" என்றான். நான் இடைவாரை உருவினேன். இடைநிலைப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை சரித்திரம் கற்பித்தவன் நான். ஒரு மாணவன்மீதும் கை வைத்ததில்லை. அந்த நல்ல பெயர் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதன்பின் அடிப்பது பழக்கமாயிற்று. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தால் மாறிவிடுவான் என்று அவனைக் கேட்காமலேயே நேர்ந்துகொண்டேன். சொன்னபோது அவன் மறுக்கவில்லை.

"எடுக்கிறேன்பா. அதுக்கப்புறம் அடிக்க மாட்டீங்கல்ல?"

மாட்டேன் என்றேன்.

விரதத்தில் தரையில் படுத்தான், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டான். பூசத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, மாலையில் அவன் கைப்பேசியில் யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பல மாதங்களாக அந்தச் சிரிப்பு வீட்டில் இல்லை.

"யாருகிட்ட பேசுறீங்க சாமி?"

அவன் பொய் சொல்லவில்லை.

"சட்டையைக் கழட்டுங்க சாமி. திரும்புங்க."

திரும்பி நின்றான். வாரின் கொக்கிப் பக்கம் கையில் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்பதுதான் உண்மை.

பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் குளிக்கச் சட்டையைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? அதை நான் யோசிக்கவே இல்லை. அவன் தண்ணீரை விட்டு ஏறியதும் அருகில் இருந்த அம்மா ஒருவர் பதறினார்.

"ஐயோ, சாமிக்கு முதுகுல என்ன?"

"மோட்டோ சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டாரு" என்றேன்.

மேளம் வைத்திருந்த ஒருவர் சிரிக்காமல் சொன்னார்: "என்ன மோட்டோ லா அது, பக்கிள் வச்சு அடிக்குது?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. கூட்டத்திலிருந்து கிள்ளான் பையன் வந்தான். அவனை அன்றுதான் முதலில் பார்த்தேன். துண்டை என் மகனின் தோளில் போர்த்தி, "வா, போலாம்" என்றான்.

"நான் போகட்டுமாப்பா?" என்று மகன் கேட்டான். அந்த நிலையிலும் என் அனுமதியைக் கேட்டான்.

"போனா வீட்டுப் பக்கம் வராத" என்றேன். அதற்குள் என் பேச்சில் சாமி போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. காவடி எடுக்காமலேயே அவன் அந்தப் பையனோடு போனான்.

இருவரும் இப்போது கிள்ளானில் ஒரு பிளாட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு எழுபது கடந்துவிட்டது. சில மாதங்கள் ரயிலேறிப் போய், அவர்கள் பிளாட்டுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பேன். மகன் ஒரு முறை என்னைக் கண்டு, திரும்பி நடந்தான். நான் எழுந்து பின்னாலேயே போய் அவன் தோளைத் தொட்டேன். உறைந்து நின்றான், பிறகு படியேறி ஓடினான்.

அடுத்த முறை அந்தக் கிள்ளான் பையன் இறங்கி வந்தான். பையன் என்கிறேன், தலையில் நரை தெரிகிறது. எதிரில் உட்கார்ந்து எனக்கும் ஒரு தே ஓ சொன்னான்.

"அங்கிள், பின்னாடி யாராச்சும் வந்தா அவனுக்கு ஆகாது. வீட்டுல நானே பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் கிட்ட போவேன். கண்றாவியா பாடுவேன், அவன் சிரிப்பான். இப்பதான் டாக்டர்கிட்டப் போயி ஒழுங்காத் தூங்குறான். நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து மறுபடி தூக்கம் இல்ல."

"மன்னிப்புக் கேட்கத்தான் வர்றேன்."

"தெரியும். அது உங்களுக்கு வேணும். அவனுக்கு இப்ப வேண்டாம் லா."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"ஆமா. வராதீங்கன்னு சொல்லச் சொன்னான். கூப்பிடணும்னு தோணுனா அவனே கூப்பிடுவானாம். தோணாமலும் போகலாமாம்."

என் மகன் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றதில்லை. அடிக்க மாட்டீர்களே என்று கேட்டதைக்கூட நான் தரவில்லை. சரி என்றேன். தேநீரைக் குடிக்காமல் எழுந்து, மாடியை நிமிர்ந்து பார்க்காமல் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அதன் பிறகு நான் கிள்ளானுக்குப் போகவில்லை.