பேத்திக்கு வாங்கிய பவுடர்

மகள் எங்களிடம் சொல்லாமல் கேரளத்துக் கட்டப்பனைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கோபம் சீக்கிரமே போய்விட்டது. ஆனால் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கூச்சத்திலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் மருமகனே போன் செய்து, "அச்சா, நிங்கள் வரணும்" என்று மலையாளத்தில் கூப்பிட்டார். வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சனிக்கிழமை என்றால் குச்சனூர் சனீஸ்வரன் கோயில் சவாரிதான். விளக்குப் போடப் போகிறவர்கள் நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் காலடியில் வைப்பார்கள், அது கொஞ்சம் சிந்தும். அதனால் வண்டியில் எண்ணெய் வாடை அடித்தும் நான் கண்டுகொள்ளவில்லை. கட்டப்பனைக்குப் புறப்பட்ட அன்று உத்தமபாளையம் தாண்டியதும் மனைவிதான் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, இது நல்லெண்ணெ வாடை இல்ல. என்னமோ கருகுது."

கம்பத்தில் எனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தோம். இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவைச் சுற்றி ஒரே எண்ணெய். சூட்டில் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

"டர்போ சீலே போயிருந்தா இன்னைக்கு மலை மெட்டு ஏற முடியாதுண்ணே" என்றார் மெக்கானிக். "வண்டிய இங்கனயே விட்டுட்டுப் போங்க."

எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"பஸ்ல நான் போயிருவேன். ஒங்களக் கெளப்புறதுதான் பெரும்பாடு. இப்பத் திரும்புனா நீங்க இனிமே வர மாட்டீக."

"சீல்தானான்னு பாத்துச் சொல்லுய்யா" என்று மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

சூடு தணிந்ததும் மெக்கானிக் பெட்ரோல் தொட்டு எல்லாவற்றையும் துடைத்துக் காற்றடித்துக் காயவைத்தார். "எங்கன இருந்து கசியுதுன்னு பாக்கணும். மேல பவுடரத் தூவிட்டு ஓட விட்டா, ஈரமாகுற எடம் தெரிஞ்சுரும்" என்றவர், தன் பவுடர் டப்பாவைத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

மனைவி பையைத் திறந்து ஒரு புது டப்பாவை எடுத்தாள். குழந்தைக்கு வாங்கிய பவுடர்.

"வேணாம்க்கா, நான் கடையில வாங்கியாரேன்."

"பரவால்லய்யா, தூவு. அவ தாத்தா வந்து சேரணும்ல."

டர்போ குளிப்பாட்டித் துவட்டிப் பவுடர் பூசிய பிள்ளை மாதிரி வெள்ளையாக இருந்தது. இஞ்சினை ஓடவிட்டு மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில், மேலிருந்து எண்ணெய் கொண்டுவரும் குழாய் டர்போவில் சேரும் போல்ட்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அது கோடாக இறங்கியது. மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருந்தது.

"டர்போ நல்லாத்தான் இருக்குக்கா. இந்த வாஷர்தான் நசுங்கிப்போச்சு."

இஞ்சின் ஆறியதும் போல்ட்டைக் கழற்றி இரண்டு செம்பு வாஷரையும் மாற்றி முறுக்கினார். குறைந்த ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். கசிவு இல்லை. எனக்குத் திரும்பிப் போக இனிச் சாக்கும் இல்லை.

கம்பம் மெட்டு வளைவுகளில் ஏறும்போது காருக்குள் பவுடர் வாசம் வந்தது. மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், எண்ணெய் சொட்டுகிறதா என்று நான் காருக்கு அடியில் குனிந்தேன். சொட்டவில்லை. இன்னொரு தடவையும் குனிந்து பார்த்தேன்.

"காருக்கு என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லத்தா. ஒரு வாஷர் போயிருந்துச்சு. மாத்தியாச்சு."

இரண்டு வருஷத்தில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மனைவி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மகள் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா, பாதிதான் இருக்கு?"

"ஒங்கப்பன் காரு மொதல்ல பூசிக்கிருச்சு."

மருமகனுக்கு விளங்கும் முன்பே மகள் சிரித்துவிட்டாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். என் நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"கெடக்கட்டும்ப்பா, நீங்களே பூசிவிடுங்க" என்று சொல்லி, என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, உள்ளங்கையில் பவுடரைத் தட்டினாள்.