கை நடுக்கம் என்று எழுதியவன்

வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். பெற்றவள் வைத்த பெயர் வேறு. இது குணத்தைப் பார்த்துத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கதவு இறுகிப்போனால் யாரோ இழுத்துச் சாத்தியிருப்பார்கள். சட்டையில் பொத்தான் அறுந்தால் துவைத்தவள் முறுக்கிப் பிழிந்திருப்பாள். குழம்பில் அவனே உப்பை இரண்டாம் தரம் போட்டாலும், முதல் தரம் போட்டதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். தப்பு என்பது அவன் வாசல்வரைக்கும் வரும், உள்ளே மட்டும் வராது. அப்படி ஒரு பிறவி.

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், அம்மாவுக்கு மருந்து வாங்க மறக்க மாட்டான். ஆனால் இவ்வளவுக்கு ஒரு மாலை போட வேண்டுமென்றால் ஊரில் பூ போதாது.

வேலை கம்ப்யூட்டரில். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் கம்பெனி என்று யார் கேட்டாலும் அவர்களுக்கு ஸ்கிரீன் செய்து தருகிற ஆபீஸ். எந்த இடத்தில் பட்டன் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுவது துரையின் பிழைப்பு. பட்டனை வரைந்துவிட்டால் போதாது. அதற்கு ஒரு காது வைக்க வேண்டும். யாராவது அழுத்தினால் அந்தக் காதில் விழும். காது போய் வேலையைச் செய்யும். ஒரு பட்டனுக்கு ஒரு காது. இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை. அதையும் ஒழுங்காகச் செய்யாததுதான் விஷயம்.

ஒரு நாள் எங்கோ ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. இடத்தின் பெயர் வராது, வெறும் எண்தான் வரும். வரவேற்பு மேசையில், வந்த நோயாளியின் பெயரைத் திறந்து 'வந்தாச்சு' என்ற பட்டனை அழுத்தினால் பெயர் பச்சையாக வேண்டும். டாக்டர் அறையில் பார்த்துக் கூப்பிடுவார்கள். தவறி அழுத்திவிட்டால் மறுபடி அழுத்தினால் பச்சை போய்விடும். இப்போது என்னவென்றால், அழுத்தியும் சிலர் பெயர் பச்சையாகவே இல்லை. அவர்கள் பாவம் நாற்காலியில் காத்துக்கிடக்கிறார்கள்.

துரை ஸ்கிரீனைத் திறந்தான். எதைத் தொடும் முன்பும் ரீஃப்ரெஷ் அடித்துப் பக்கத்தைப் புதிதாக்கிக்கொள்வது அவன் பழக்கம். சிலர் உட்காரும் முன் நாற்காலியைத் தட்டுவார்களே, அந்த மாதிரி. அடித்தான், ஒரு பெயரைத் திறந்தான், அழுத்தினான். பச்சை. மறுபடி ரீஃப்ரெஷ், இன்னொரு பெயர், அழுத்தினான். பச்சை. டீ குடித்தான். பிறகு பதில் எழுதினான்: 'எங்கள் தரப்பில் பிழை இல்லை. பயன்படுத்துபவர் கை நடுக்கத்தாலோ அவசரத்தாலோ பட்டனை இருமுறை அழுத்துகிறார். தகுந்த பயிற்சி அளிக்கவும்.'

முகம் தெரியாத ஒரு மனுஷியின் கையைப் பற்றி இப்படி எழுதிவிட்டு அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்கு வந்தான்.

மனைவி ஏற்கெனவே வந்திருந்தாள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, எத்தனையோ இடத்தில் ஏறி இறங்கி, ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்துதான் அவள் நிமிர்ந்து நடந்தாள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், துரையைத் தவிர.

அவள் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மேனேஜர் எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டறார் அத்தை. எனக்குக் கை நடுக்கமாம். பட்டனை ரெண்டு தடவை அழுத்தறேனாம். தகுந்த பயிற்சி குடுக்கணுமாம். கம்பெனிக்காரங்களே எழுதிட்டாங்களாம். இன்னும் ஒரு ஆள் விட்டுப்போச்சுன்னா நாளைக்கு வர வேண்டாங்கறார்."

"உனக்கா கை நடுக்கம்?" என்றாள் மாமியார். "எனக்கு ஊசியில நூல் கோத்துத் தர்றதே நீதானே. எழுதினவன் கையில கட்டை முளைக்க."

சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த துரை நிமிர்ந்தான். வரி வரியாக அவன் எழுத்து. தகுந்த பயிற்சி என்பதுகூட வந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா? திறந்தான்.

"நீ ரெண்டு தடவை அழுத்தாமலா எழுதுவாங்க? அவசரத்துல அழுத்தியிருப்ப."

அவள் அவனைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கம்பெனிக்காரன் இங்கேதான் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஸ்கிரீனில் ஆஸ்பத்திரியின் படம்தான் இருக்கிறது, செய்தவன் மூஞ்சி இல்லையே.

மறுநாள் அம்மாவுக்குக் கண் பார்க்க நாள் குறித்திருந்தது. அந்த ஆஸ்பத்திரிதான். மருமகள் மேசையை விட்டு எழ முடியாது என்பதால் துரை லீவு போட்டு அழைத்துப் போனான். காலையில் கதவு திறந்ததும் முதலில் ஒரு தாத்தா போனார், அடுத்தது அம்மா. மருமகள் பெயரைத் திறந்து அழுத்தினாள். "உட்காருங்க அத்தை, கூப்பிடுவாங்க." பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது, அழுத்தினதும் பெயர் மூடிக்கொள்ளும், பச்சையானதா என்று நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

அம்மா உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே இருந்தாள்.

"டேய், எனக்கப்புறம் வந்தவர் கண்ணுல மருந்தே விட்டுக்கிட்டு வந்துட்டாரு. நான் என்ன இங்க சுவத்துக்குக் காவலா?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். டையும் வாசனையுமாக இருந்தார். பிறர் தப்பைக் கண்டால் அந்த வாசனை கொஞ்சம் கூடும் போலிருந்தது. விசாரித்தார். லிஸ்டைப் பார்த்தார். அம்மாவின் பெயர் வெள்ளையாக இருந்தது.

"இவங்க யார் மேடம்?"

"என் மாமியார் சார்."

"பார்த்தீங்களா, சொந்த மாமியாரையே மறந்துட்டாங்க!" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். "பையை எடுத்துக்குங்க மேடம். நேத்தே சொல்லிட்டேன்."

"நான் அழுத்தினேன் சார். ஒரே தடவைதான்."

அம்மா மகனைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்தானே உன் பொழப்பு? போய்ப் பாரேண்டா. கல்லு மாதிரி நிக்கற."

துரை மேசைக்குள் வந்தான். இரண்டு தடவை அழுத்திக் காட்டிவிட்டுத் தன் பதில் சரிதான் என்று நிரூபிக்கத்தான் வந்தான் என்றால் நம்புவீர்களா? அப்படித்தான் வந்தான். கை தன் பழக்கத்தில் ரீஃப்ரெஷ் பக்கம் போனது. மனைவி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதைத் தொடாதீங்க. அடிச்சா வெளியே தள்ளிடும், மறுபடி உள்ளே போக மேனேஜர் பாஸ்வேர்டு வேணும். நாங்க காலைல திறந்தா சாயந்திரம்தான் மூடுவோம்."

பிறந்ததிலிருந்து முதல் தரமாக ரீஃப்ரெஷ் அடிக்காமல் ஒரு பெயரைத் திறந்தான். தன் துரைத்தனமான விரலால், பதறாமல், ஒரே ஒரு முறை அழுத்தினான். பெயர் பச்சையாகி, கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளையானது.

இன்னொன்று அழுத்தினான். பச்சை நின்றது. அடுத்தது, போய்விட்டது. அடுத்தது நின்றது.

அவனுக்கு விளங்கிவிட்டது. காதில் சூடு ஏறியது. ஒவ்வொரு பெயரைத் திறக்கும்போதும் பட்டனுக்கு ஒரு புதுக் காது வைக்கச் சொல்லி எழுதியிருந்தான். பழைய காதைக் கழற்றச் சொல்லி எழுதவில்லை. முதல் ஆளுக்கு ஒரு காது. இரண்டாம் ஆளுக்கு இரண்டு காது: ஒன்று பச்சையாக்கும், மற்றது அழிக்கும். மூன்றாம் ஆளுக்கு மூன்று: ஆக்கி, அழித்து, ஆக்கும். இப்படியே ஒருவர் விட்டு ஒருவர் காணாமல் போனார்கள். அவனோ ஒவ்வொரு தரமும் ரீஃப்ரெஷ் அடித்துக் காதையெல்லாம் துடைத்துவிட்டு, தினமும் முதல் ஆளையே சோதித்துக்கொண்டிருந்தான். வாசலை மட்டும் பெருக்கிவிட்டு வீடு சுத்தம் என்றவன்.

"என்ன சார், கண்டுபிடிச்சீங்களா?" என்றார் மேனேஜர்.

"சிஸ்டத்துல ஏதோ சின்ன இது..." என்று இழுத்தான்.

"எது?" என்றாள் மனைவி.

"ஸ்கிரீன் செஞ்சவங்க கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்."

"யாரு செஞ்சாங்க?"

நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவள் கையில் பை இருந்தது. துரை அந்தப் பையைப் பார்த்தான். உள்ளே சாப்பாட்டு டப்பா, குடை. காலையில் அவன் கண்ணெதிரே அவள் அதில் வைத்தவை.

"எங்க ஆபீஸ்."

"ஆபீஸுக்குக் கை இருக்கா?"

"நான்."

"கை நடுக்கம்னு எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"அடப்பாவி!" என்றாள் அம்மா. "ராத்திரி முச்சூடும் எழுதினவனைத் திட்டினேனேடா. என் வயித்துல பொறந்ததையா திட்டினேன்?"

மேனேஜரின் முகம் மாறின வேகத்தைப் பார்க்க வேண்டும். "சார், கம்பெனியிலேர்ந்து நேர்லயே வந்திருக்கீங்களா! சொல்லவே இல்லையே. உட்காருங்க. யாருப்பா, சாருக்கு ஒரு டீ!" தப்புச் செய்தவனுக்கு டீ. தப்பே செய்யாதவள் பையோடு நின்றாள். போகிற போக்கில் அவளிடம், "சரி மேடம், ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க" என்றார்.

அவள் நகரவில்லை. "கூடத்தைப் பார்த்துச் சொன்னீங்க சார். கூடத்தைப் பார்த்தே வாபஸ் வாங்கிக்குங்க."

மேனேஜர் இருமினார். டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தப்பு மேடம் மேல இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"கேக்கலை" என்றார் பின்னால் கண்ணில் பஞ்சு வைத்திருந்த ஒருவர்.

உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் பையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

துரை ஆபீசுக்குப் போன் செய்தான். புதுக் காது வைக்கும் முன் பழையதைக் கழற்று என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுதினாலும் அது இங்கே வந்து சேரச் சாயந்திரம் ஆகும் என்றார்கள்; அந்தப்பக்கம், இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாயே என்று பாராட்டு வேறு. அவனும், நம்புங்கள், "தேங்க்ஸ்" என்றான்.

"அதுவரைக்கும் என்ன பண்றது?" என்று அவளிடம் கேட்டான்.

"மறையறவங்களை டாக்டர் ரூம்ல போய் வாயால சொல்லணும். அப்புறம் இங்க வந்து கூப்பிடணும்."

"யாரு?"

அவள் அடுத்த பெயரைத் திறந்து அழுத்தினாள்.

டீ ஆறிக் கிடந்தது. துரை கூடத்துக்கும் டாக்டர் அறைக்குமாக நடந்தான். முதலில் முணுமுணுத்தான், யாருக்கும் காதில் விழாததால் சத்தமாகக் கூப்பிடக் கற்றுக்கொண்டான். அம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது மேசையில் சாய்ந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "கோவமா?" என்றான்.

அவள் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த நீலச் சட்டைக்காரர் மறைஞ்சுட்டார். போய்ச் சொல்லுங்க."