பொன்னாடைக்கு அடியில் ஒரு சேலை

எந்தச் சேலைக்கடைக்குப் போனாலும், "கத்திரிப்பூக் கலர்ல எலுமிச்சை மஞ்சள் கரை போட்ட நூல் சேலை இருக்கா?" என்று கேட்பது எனக்கு வியாதியாகிவிட்டது. கடைப் பிள்ளைகளும் சளைக்காமல் எடுத்துப் போடுவார்கள். ஒன்று நாவல்பழ நிறமாக இருக்கும், ஒன்று வாடாமல்லியாக இருக்கும். "இதாங்க்கா கத்திரிப்பூ" என்று சாதிப்பார்கள். கத்திரிச் செடியில் அன்றைக்குப் பூத்த பூவை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டு, அத்தனை சேலைகளைக் கலைத்துப்போட்ட பாவத்துக்கு வேறு ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வருவேன். இப்படி வாங்கிய சேலைகளே பீரோ கொள்ளாமல் கிடக்கின்றன.

அந்த நிறத்தில் என் அம்மாவிடம் ஒரு சேலை இருந்தது. ராஜபாளையத்தில் அவள் கவுன்சிலராக இருந்தபோது ஒரே ஒரு விழாவுக்குக் கட்டியது. விழாப் படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில்கூட அந்தச் சேலை இல்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், எண்பதுகளில் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் போய் நிற்கும். அந்த வருஷம் சிறப்பு விருந்தினராக ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த நூல் சேலை, தோளில் ஒரே ஒரு பின், மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். தலையில் பூ இல்லை. பக்கத்தில் எங்கள் தலைமையாசிரியை மொடமொடவென்று பட்டுக் கட்டி, தாழம்பூ வைத்து, கல்யாணப் பெண்ணின் அத்தை போல உட்கார்ந்திருந்தார். நான் கோலாட்டம் ஆடியதை அம்மா பார்த்தாளா என்பதே சந்தேகம். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் சொன்னது வேறு.

"அந்தம்மா என்ன பேசுனாவன்னு எனக்கு ஒண்ணும் ஏறல, ஏட்டி. அந்தச் சேலை, அவியளே கடைக்குப் போயி அவியளே எடுத்ததா இருக்கும். பாத்தாலே தெரியுது."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அம்மா தன் சேலையைத் தானே எடுத்தவள் இல்லை. கல்யாணம் வரை அவளுடைய அப்பா எடுத்தார். பிறகு மாமியார். அதற்குப் பிறகு என் அப்பா. தீபாவளிக்கு முந்தின வாரம் கடையை அடைத்துவிட்டு வரும்போது ஒரு பொட்டலத்தைக் கட்டிலில் போட்டு, "நல்லாருக்கா?" என்பார். "நல்லாருக்கு" என்பாள். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் வேறு பதில் கிடையாது.

அப்பா பம்பு செட் சாமான் கடை வைத்திருந்தார். அதைவிட அதிகமாகக் கட்சி வைத்திருந்தார். கவுன்சிலர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு வருஷக்கணக்காகக் கொடி கட்டியவர். தொண்ணூறுகளில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மனிதர் சாப்பிடாமல் கிடந்தார். பொழுது சாய எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார். வீட்டில் ஒரு பெண் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா ஜெயித்தாள். தெருவில் அப்பாவை "கவுன்சிலரே" என்று கூப்பிட்டார்கள். அம்மாவை "கவுன்சிலர் சம்சாரம்" என்றார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஜெயித்த மறுநாளே அப்பா ஒரு கட்டுச் சேலை கொண்டு வந்து கட்டிலில் போட்டார். எல்லாம் கட்சிக் கரை போட்ட சேலைகள். "இனிமே வெளிய போனா இதைத்தான் கெட்டணும். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

பதவியேற்பு நாளில் நகராட்சிக் கூடத்தில் புதுப் பெண் கவுன்சிலர்களைப் பார்த்தேன். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி கல்யாணப் பட்டைக் கட்டி வந்திருந்தாள். பாச்சை உருண்டை வாசனை அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. ஒரு கிறிஸ்தவ அம்மா கோவிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில் வந்து, விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் கரைச் சேலை. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு புருஷன் நின்றார். நகையில்தான் எல்லாருக்கும் சிக்கல். நிறையப் போட்டால் "அதுக்குள்ள சுருட்டிட்டா பாரு" என்பார்கள். போடாமல் வந்தால் "வக்கத்தவளுக்கு எதுக்குப் பதவி" என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சங்கிலி கண்டுபிடிப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் போட்ட ஆண்களுக்கு இந்த யோசனையே வேண்டியதில்லை.

அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு பதவி வந்தது. வார்டு செயலாளர் அம்மாவுக்குப் போர்த்தப் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஆண் கவுன்சிலர் என்றால் கட்டிப் பிடித்துப் போர்த்தியிருப்பார். அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் தோளைத் தொடலாமா? கையை நீட்டிய வாக்கில், ஈரத் துணியைக் காயப்போடக் கொடி தேடுகிறவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். "யாராச்சும் பொம்பளையாளக் கூப்பிடுங்கப்பா!" என்று சத்தம் போட்டார். அப்பா என்னை முதுகில் தள்ளிவிட்டார். நான் போய் ஒரு முனையைப் பிடித்துப் போர்த்தினேன். மறு முனையை அவர் விடவில்லை, படத்தில் விழ வேண்டும் அல்லவா. அதிலிருந்து அம்மாவுக்கு எங்கே விழா என்றாலும், பொன்னாடை போர்த்த நானும் போக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்தப் பொன்னாடைகள் இருக்கின்றனவே, கழுத்தில் பட்டால் அரிக்கும். குளிருக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது. வீட்டில் டிவிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று என்று போர்த்தி, எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் பாராட்டு வாங்கியவைபோல உட்கார்ந்திருந்தன.

அம்மா சும்மா கையெழுத்துப் போடுகிற கவுன்சிலர் என்றுதான் அப்பா நினைத்தார். அவளுக்குத் தண்ணீர்க் கஷ்டம் தெரியும். அய்யனார் கோவில் ஆற்றில் வெள்ளம் போனாலும் எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வரும். ஒரு மேல்நிலைத் தொட்டி வேண்டும் என்று நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். "சாரை வரச் சொல்லுங்க மேடம்" என்று அப்பாவைக் கேட்டவர்களிடம், "அவிய கடையில இருக்காவ. தண்ணி பிடிக்கிறது நாந்தான்" என்றாள். கடைசியில் தொட்டி எழும்பியது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

அந்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். அவள் பிறந்த வீடு மடவார் வளாகத்தில். வைத்தியநாத சாமியைக் கும்பிடப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள். கும்பிட்டது என்னவோ உண்மைதான். கும்பிட்ட கையோடு என்னைச் சேலைக்கடைக்குள் இழுத்துப் போனாள்.

"யாருக்குங்க பாக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்" என்றாள். சொல்லும்போது குரல் தடுமாறியது.

அவளுக்குத் தேர்ந்தெடுக்கவே தெரியவில்லை. ஒவ்வொரு சேலையையும் விரித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "நல்லாருக்கா?" என்று கேட்பாள். "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று நான் திருப்பிக் கேட்டால் விழிப்பாள். கடைக்காரர் காப்பி வாங்கிக் கொடுத்து அலுத்துப்போனார். அப்புறம் அடுக்கின் அடியிலிருந்து அந்தக் கத்திரிப்பூ நிறம் வந்தது. எலுமிச்சை மஞ்சள் கரை, முந்தானையில் சின்னச் சின்னக் கட்டம். அம்மா அதை விரிக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவைச் சமாதானப்படுத்தப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனோம். அவர் பால்கோவாவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சேலையைப் பார்த்தார். "விழாவுக்கு நூல் சேலையா? கரையும் நம்ம கரை இல்ல. ஒரு நல்ல சேலைக்கு வழியில்லையான்னு ஊர்க்காரன் என்னையத்தான கேப்பான்?"

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா.

விழா அன்று காலையில் கஞ்சி போட்டுத் தேய்த்த அந்தச் சேலையைக் கட்டி, தோளில் ஒரே ஒரு பின் குத்திக்கொண்டாள். கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள். எனக்குப் பழைய ஆண்டு விழா சட்டென்று நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா வாசலில் நிறுத்தி, "சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அம்மாவுக்கு வெட்கம் பொங்கிக்கொண்டு வந்தது. "போட்டோ எடுப்பாவல்லா ஏட்டி? முழுசா விழணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பதவியில் இருந்தபோது தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுதான்.

மேடையில் பெரிய மனிதர்கள் வந்து அமர்ந்ததும் பொன்னாடைகள் புறப்பட்டன. கட்சி சார்பில் ஒன்று, வியாபாரிகள் சார்பில் ஒன்று, தெருக்காரர்கள் சார்பில் ஒன்று. வழக்கம்போல மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் பொன்னாடையை எடுத்துக்கொண்டு போனபோது அம்மா வாயை அசைக்காமல் சொன்னாள்.

"ஏட்டி, செத்த இறக்கிப் போடு. கரை தெரியட்டும்."

இறக்கித்தான் போட்டேன். தோளில் சும்மா தொங்குகிற மாதிரி. வார்டு செயலாளர் மறு முனையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். போட்டோ எடுப்பவர் கண்ணிலிருந்து கேமராவை எடுத்துவிட்டார். "ஏம்மா தங்கச்சி, பொன்னாடையே தெரியலையே! நல்லா விரிச்சுப் போடும்மா!" செயலாளர் முனையை இழுத்து ஏற்றினார். அம்மாவின் கழுத்து வரை மூடியது. அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மாலை. அம்மா நேராகக் கேமராவைப் பார்த்தாள். அந்தப் படம்தான் என் முன்னால் இருக்கிறது. ஒரு ஜரிகைக் குவியலுக்கு மேலே என் அம்மாவின் முகம்.

பெரிய மனிதர்கள் சுவிட்சை அழுத்திவிட்டுக் காரில் ஏறினார்கள். போட்டோக்காரரும் அதே காரின் பின்னால் ஸ்கூட்டரில் போனார். பந்தல் காலியானதும் அம்மா பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவி என் கையில் கொடுத்தாள். தெருக் குழாயடிக்குப் போனாள். குடத்தோடு நின்ற பெண்கள், "கவுன்சிலரம்மா, மொதக் குடம் நீங்கதான் பிடிக்கணும்" என்றார்கள். அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து கொசுவத்தை நனைத்தது. நல்ல வெயில். நனைந்த இடத்தில் கத்திரிப்பூ இன்னும் அடர்ந்துபோனது. அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து சிரித்தாள். "என்னக்கா, புதுச் சேலையா? நீங்களே எடுத்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "நானே எடுத்தேன்" என்றாள் அம்மா, தெரு முழுக்கக் கேட்கும்படி.

நான் கையில் பொன்னாடைகளை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். என்னிடம் ஒரு கேமரா இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்போடு, அந்தச் சேலையோடு, ஒரே ஒரு படம். அதைக் கொடுத்தால் இந்த ஆல்பம் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

அம்மா அந்தச் சேலையை மடித்து வைத்துவிட்டாள். அடுத்த பெரிய விழாவுக்குக் கட்டுவேன் என்றாள். அடுத்த விழா வருவதற்கு முன்னால் மாரடைப்பு வந்தது. பதவிக் காலம்கூட முடியவில்லை.

குளிப்பாட்டிய பெண்கள், எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டார்கள். கட்சிக் கரைச் சேலையைத்தான் அப்பா எடுத்து வருவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் பீரோவைத் திறந்து வெகுநேரம் நின்றார். பிறகு கத்திரிப்பூச் சேலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "அவ எடுத்தது" என்றார்.

நானே கட்டிவிட்டேன். தோளில் ஒரே ஒரு பின் குத்தினேன்.

மடவார் வளாகத்திலிருந்து பிறந்த வீட்டுக் கோடித் துணி வந்தது. நகராட்சியிலிருந்து மாலை வந்தது. கடைசியாக வார்டு செயலாளர் கட்சிக் கொடியோடு வந்தார். அவர் அம்மாவின் தலைமாட்டுக்கு வந்ததும் எனக்குக் கை தானாக முன்னால் நீண்டது, முனையைப் பிடிப்பதற்கு. அன்றைக்கு அவர் யாரையும் தேடவில்லை. அவரே குனிந்தார், அவரே விரித்தார், அவர் கையே அம்மாவின் தோளில் பட்டது. கழுத்து வரை இழுத்துவிட்டார்.

"அண்ணாச்சி" என்றேன். "செத்த இறக்கிப் போடுங்க. கரை தெரியட்டும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கொடியை இடுப்பு வரைக்கும் இறக்கினார். விரிச்சுப் போடச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அம்மா முழுசாகத் தெரிந்தாள். படம் எடுக்கத்தான் யாரும் இல்லை.