ஒரு முறம் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவது வார்த்தைக்கே எனக்குப் பஞ்சம் வந்துவிடும். மீசையை நன்றாக முறுக்குவார். நன்றாகச் சாப்பிடுவார். அப்புறம் நானும் யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக நான் பிறந்ததும், மலாயாவில் கோல சிலாங்கூர் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் வழக்கமாகச் செய்கிறதை எங்கள் லயத்து வரிசை வீட்டிலும் செய்தார்கள். என்னைத் தவிட்டுக்கு விற்றார்கள். பெற்றவர்கள் பிள்ளையை முறத்தில் கிடத்தி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்ள வேண்டும். இது தவிட்டு விலைக்குப் போன பிள்ளை, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுகிற வேலை. சற்று நேரம் கழித்துத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிடுவார்கள்.

என்னை வாங்கியவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. விற்றவர் அப்பா. அது ஜப்பான்காரன் காலம், மரவள்ளிக் கிழங்குக்கே ஆலாய்ப் பறந்த நேரம். தாத்தா வடக்கே நெல் விளைகிற பக்கம் வரைக்கும் நடந்துபோய் அந்தத் தவிட்டைக் கொண்டுவந்தாராம். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதோடு சரி. திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே வறுத்து உப்புப் போட்டுப் பிசைந்து தின்றுவிட்டார். என்னை மீட்க வேண்டிய தவிடு அவர் வயிற்றுக்குள் போய்விட்டது என்று பாட்டி பிற்காலத்தில் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

எனக்கு மூன்று வயதில் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அப்பா இருந்தார், பெரிய மனசு. பிறகு ஈஜோக் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் பெயர் கொடுத்துப் போனார், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். ஆறு வருஷம். ஒரு தீபாவளிக்கு வந்து எட்டிப் பார்த்தார் என்று இல்லை. தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் பால் வெட்டப் போய்விட்டு வந்து எனக்குத் தலை வாரி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். யாரிடமும் ஒரு காகிதம் எழுதி வாங்கவில்லை. பேத்தியை வளர்க்கக் காகிதம் வேண்டும் என்று யார் கண்டது?

வெள்ளைக்காரன் அவசரகாலம் என்று அறிவித்த பிறகுதான் எல்லாவற்றுக்கும் காகிதம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு காவல். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று பால் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள், பாட்டியின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை தலைக்குத்தான் அரிசி. அதற்கு ஒரு பட்டியல். பாட்டி வீட்டுப் பட்டியலில் நான் 'பிள்ளை, ஒன்று'.

அப்பா வீட்டுப் பட்டியலிலும் நான் இருந்தேன்.

ஆமாம். என் முகம் எப்படி இருக்கும் என்று மறந்துபோன மனுஷனுக்கு என் பெயர் மட்டும் மறக்கவில்லை. என் தலையைக் காட்டி ஒரு வருஷத்துக்கு மேல் அரிசி வாங்கித் தின்றிருக்கிறார். முதலில் தவிடு, பிறகு அரிசி. என்னை வைத்துச் சாப்பிடுவதில் அவருக்கு அப்படி ஒரு ருசி.

அவருடைய பக்கத்து வீட்டுக்காரன் எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான். இல்லாத பிள்ளையின் அரிசி எங்கே போகிறது, காட்டுக்கா என்று விசாரணை வந்தது. காட்டுக்குச் சோறு கொடுத்தான் என்றால் அந்தக் காலத்தில் ஆளே திரும்பி வர மாட்டான். அப்பாவுக்கு வேட்டி நனைந்திருக்கும். உடனே ஒரு மனு எழுதிப் போட்டார்: பிள்ளை என்னுடையதுதான், மாமனார் மாமியார் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், மீட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த மனுவின் பேரில் கோல சிலாங்கூர் மாவட்ட ஆபீசுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, தாத்தாவை நிற்க வைத்தே சட்டம் சொன்னார். உட்காரச் சொன்னால் நாற்காலி தேய்ந்துவிடும் அல்லவா?

"இதுக்கு மூணு வழி இருக்கு. அப்பங்காரனே எனக்கு வேணாம், நீங்களே வச்சிக்குங்கன்னு கையெழுத்துப் போடணும். இல்லாட்டி கோர்ட்டுக்குப் போயி, லாயர் வச்சி, நீங்கதான் பாதுகாவலர்னு உத்தரவு வாங்கணும். மூணாவது, ரெண்டு வருசத்துக்கு மேல வளர்த்திருந்தா வளர்ப்புப் பிள்ளைன்னு ஆபீஸ்ல பதிஞ்சுக்கலாம். ஆனா அதுக்கும் அப்பன் சம்மதிக்கணும், இல்ல அப்பன் ஆளே இல்லாம இருக்கணும்."

"அவன்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கானே அய்யா," என்றார் தாத்தா.

"அப்ப நாலாவது வழிதான்லா. உன் மகள்னு சொல்லிடு. ஜப்பான் காலத்துல பொறந்த பிள்ளை, பிறப்புப் பத்திரம் யாருகிட்ட இருக்கு?"

பாட்டிக்கு அது பிடித்துப்போனது. தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நிஜமாகவே நம்புகிற ஆள். இதற்குள் லயத்தில் ஆளுக்கு ஆள் தீர்ப்பு. அப்பன் உயிரோடு இருக்கும்போது தாத்தனுக்கு என்ன உரிமை என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோரின் பெண்சாதி குழாயடியில் நின்று பேசினாள். அவள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் எங்கள் பாட்டிதான் பேன் பார்த்துவிடுவாள், அது வேறு கதை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஈஜோக்கில் சின்னம்மாவுக்கு இரண்டு கைக்குழந்தைகள் என்றும், தொட்டில் ஆட்ட ஆள் இல்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவோடு அனுப்பிவிட்டால் பள்ளிக்கூடமும் போச்சு, தாத்தாவும் போச்சு, நானும் போச்சு.

போகிற அன்று வேலியைத் தாண்டிச் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதால் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினோம். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. இறங்கும்போதும் ஏறும்போதும் பாட்டி தாத்தாவின் விலாவில் இடித்துக்கொண்டே வந்தாள்.

"மகள்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க. உங்க வாய் இருக்கே, அது நம்ம குடியக் கெடுக்கிற வாய்."

ஆபீஸ் வராந்தாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் போட்ட மீசை. என்னைப் பார்த்து, "வளந்துட்டியே," என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு தகப்பன் கண்டுபிடித்த உண்மை! வளராமல் இருப்பதற்கு நான் என்ன உலக்கையா?

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மூக்குத் தோல் உரிந்து, எங்களைவிட அவருக்குத்தான் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். டவுன்காரர், எங்கள் வேர்வை நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர். முதலில் அப்பா பேசினார். பெற்ற பாசம், இரத்தம், தூக்கமில்லை என்றெல்லாம் எடுத்துவிட்டார். கண்ணைக்கூடத் துடைத்தார். கேட்ட எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது, அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன்.

"இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உறவு?" என்று தாத்தாவிடம் கேட்டார்கள்.

பாட்டி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்திருக்கும். தாத்தா தொண்டையைச் செருமினார். தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல சத்தமாகச் சொன்னார்:

"நான் வாங்குன பிள்ளைங்க தொரை. இவரு வித்தாரு, நான் வாங்குனேன். ஒரு மொறம் தவிடு. இன்ன வரைக்கும் அவரு திருப்பித் தரல."

"அய்யோ, பாவி மனுஷா," என்றாள் பாட்டி.

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு எமனும் தெரியாது, முறமும் தெரியாது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். விற்பதா? பிள்ளையையா? முகம் சிவந்து மேசையைத் தட்டினார். பிள்ளையை விற்றவனுக்கும் ஜெயில், வாங்கியவனுக்கும் ஜெயில் என்று மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு உற்சாகமாக இருந்தது.

தாத்தாவுக்கு அப்போதுகூட விளங்கவில்லை. தான் சொன்னதைவிடப் பெரிய பத்திரம் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கொடுத்தது எல்லாருக்கும் தெரியும், வாங்கியது எல்லாருக்கும் தெரியும், மீட்காத பிள்ளை வாங்கினவனுக்குத்தான் சொந்தம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அதிகாரி அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீ இந்தப் பிள்ளையை விற்றாயா?"

அது சடங்கு, என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று செய்த சடங்கு. இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் தாத்தாவும் தப்பியிருப்பார், என்னையும் அவரே கூட்டிப்போயிருப்பார். ஆனால் ஜெயில் என்ற சொல் காதில் விழுந்ததும் மீசை தொங்கிவிட்டது.

"இல்லீங்க தொரை! நான் விக்கல. இது என் பிள்ளையே இல்லீங்க. எவனுக்குப் பொறந்துச்சோ, எனக்குத் தெரியாதுங்க."

அவ்வளவு பேருக்கு முன்னால். செத்துப்போன என் அம்மாவையும் சேர்த்து.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு வயிறு எரிந்தது. அப்போது எரிந்தது இன்னும் அணையவில்லை, அணைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

பாட்டி எழுந்துவிட்டாள். "மாப்பிள்ளை! அந்த நாக்க அறுத்துப் போடுங்க மாப்பிள்ளை," என்றாள். அந்த நேரத்திலும் மரியாதை விடவில்லை, அதுதான் எனக்கு இன்றும் தாங்காது. பிறகு அவளே தவிட்டுக் கதையை முதலிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கினாள். செத்த இரண்டு பிள்ளைகள், எமன், முறம், வறுத்துத் தின்றது வரைக்கும். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார், இது விற்பனை அல்ல, சடங்கு என்று அவருக்கு விளங்கியது. கடைசியில் அப்பாவின் தோட்டத்து அரிசிப் பட்டியலை எடுத்து விரித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் பிள்ளை இல்லை என்றால், இது யாருடைய அரிசி?

அப்பா அழுதார், இந்தத் தடவை நிஜமாக. அவரை வேறொரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. அவர் தோட்டத்துத் துரை வந்து பேசிக் கொஞ்ச நாளில் வெளியே விட்டுவிட்டார்கள் என்று கேள்வி. இப்படிப்பட்டவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு துரை கிடைத்துவிடுகிறார்.

தகப்பன் தன் பிள்ளை இல்லை என்று அதிகாரி முன்னால் சொல்லிவிட்டதால், நான் தாத்தா பாட்டியின் பொறுப்பில் இருக்கலாம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டி திட்டிக்கொண்டே வந்தாள். "தவிடாம் தவிடு! மகள்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வலிச்சுதா? பிள்ள போயிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோட்டத்து வாசலில் எங்கள் மூன்று பேரையும் தடவிப் பார்த்து உள்ளே விட்டார்கள்.

பன்னிரண்டு வயதானதும் அடையாள அட்டைக்குப் படமும் கைரேகையும் எடுக்கத் தோட்டத்து ஆபீசுக்கே ஆட்கள் வந்தார்கள். தாத்தா என்னைக் கூட்டிப்போனார். வேலியும் காவலும் அப்படியேதான் இருந்தன. என் பெயரை எழுதிக்கொண்ட கிளார்க் அடுத்த வரிக்குப் போனார்.

"அப்பா பேரு?"

நான் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். யோசித்து வைத்துச் சொன்னதல்ல, வாயில் அதுதான் வந்தது. கிளார்க் என்னைப் பார்த்தார். தாத்தாவின் நரைத்த தலையைப் பார்த்தார்.

"என்னா பெருசு, இது உங்க சொந்த மகளா?"

போச்சு, இனி முறம் வரும், தவிடு வரும், நெல் விளைகிற பக்கம் நடந்துபோன கதை வரும் என்று நினைத்தேன். தாத்தா என் கட்டைவிரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றார். "கடைசி மக."

கிளார்க் எழுதிக்கொண்டார். வெளியே வந்து பால் கொட்டகையைத் தாண்டினோம். பிறகு நான்தான் கேட்டேன்.

"நாக்கு அழுகிடுமே தாத்தா?"

"அழுகட்டும் போ," என்றார். "உன் பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத."