களைத்துப்போனேன் என்று சொன்ன அண்ணி

எங்கள் அண்ணி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அண்ணியின் தோழியருக்கும் வணக்கம். அண்ணன் எழுத உட்கார்ந்தார், முடியவில்லை. ஆகவே தங்கையாகிய நான் எழுதுகிறேன். எனக்கும் நீளமாக எழுதத் தெம்பில்லை.

அண்ணி ஹெய்ட்டியின் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். சிறுமியாகத் தாயாருடன் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து, அங்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் வளர்ந்தார். தாயார் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து அவரைப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து சேர்ந்த அலுவலகத்தில், "நீ பலசாலி" என்று சொல்லிச் சொல்லியே மற்றவர்களின் வேலையையும் அவர் தலையில் கட்டினார்கள். கறுப்பினப் பெண்ணுக்குக் களைப்பே வராது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். பதவி உயர்வு மட்டும் வேறு யாருக்கோ போனது. ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சக ஊழியர்தான் எங்கள் அண்ணன்.

அதன்பின் அண்ணி வாழ்க்கை வழிகாட்டியாக, அதாவது லைஃப் கோச்சாக, பயிற்சி பெற்று, கறுப்பினப் பெண்களுக்காகவே வகுப்பு நடத்தினார். முதியோர் இல்லங்களிலும் கார்டரி என்னும் குழந்தைகள் காப்பகங்களிலும் வேலை செய்யும் ஹெய்ட்டி, கொங்கோப் பெண்கள் வருவார்கள். சம்பள உயர்வு கேட்பது, மேலாளரிடம் மறுத்துப் பேசுவது என்றெல்லாம் நடித்துக் காட்டிப் பழக்குவார். வகுப்பு எப்போதும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்: "இந்த வாரம் எந்தச் சுமையை இறக்கி வைத்தீர்கள்?"

எங்கள் சித்தப்பாவுக்கு இது விளங்கவில்லை. "பிள்ளை, கதைக்கிறதும் ஒரு வேலையோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா, நீங்கள் சும்மா செய்யிறதை நான் படிச்சிட்டுச் செய்யிறன்" என்றார், எங்களோடு பழகியே தமிழ் கற்றுக்கொண்ட அண்ணி.

இத்தனை சொல்லிக்கொடுத்தவர், எங்கள் வீட்டில் மட்டும் எதையும் இறக்கி வைக்கவில்லை. வேற்று இனத்து மருமகள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருந்தது. புற்றுநோய் என்று தெரிந்ததும் உறவுகள் திரண்டு வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வராவிட்டால் குறை. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் அதைவிடப் பெரிய குறை. புரோசார்ட்டிலிருந்து ஒரு குடும்பம் எழும்ப, லவாலிலிருந்து இன்னொரு குடும்பம் வந்து உட்காரும். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த கையோடு அண்ணி குசினி அடுப்படியில் நிற்பார். "நாங்கள் பாக்கிறம், நீங்கள் இருங்கோ" என்றால் கேட்கமாட்டார். அவருக்குத் தேவைப்பட்டதோ கொஞ்சம் நித்திரை.

வகுப்புக்கு வரும் கொங்கோப் பெண் ஒருவர் அண்ணியைப் பார்க்க வந்தபோது இதைக் கவனித்துவிட்டு, "அப்போ எங்களுக்குச் சொன்னதெல்லாம்?" என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார். அண்ணி தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா ஆட்களோடு வந்தார். அண்ணி சோபாவை விட்டு எழும்பவில்லை. "மாமா, நான் களைச்சுப் போனன். இண்டைக்கு என்னால ஏலாது" என்றார்.

சித்தப்பா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பிறகு, "சீனி எங்கை பிள்ளை இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள் போனார். அவர் போட்ட தேத்தண்ணி வாயில் வைக்க முடியாத இனிப்பு. அண்ணி முழுவதையும் குடித்துவிட்டு, ஆட்கள் இருக்கும்போதே நித்திரையாகிப்போனார். எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள்.

இத்தகைய மலர்களில் பெண்களைப் பொறுமையின் சிகரம் என்றும் சுமைதாங்கி என்றும் எழுதுவது வழக்கம். அண்ணியை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் களைத்திருந்தார். அதைத் தன் வாயால் சொன்னார்.

அண்ணியைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், குருக்களின் அருகே நின்று ஹெய்ட்டியின் கிரெயோல் மொழியில் பாடிய தோழியருக்கும், சமைத்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கும் எங்கள் நன்றி. கடைசி மாதங்களில் பனிக்குள் இவ்வளவு தூரம் வந்து, "அண்ணி நித்திரை" என்று நாங்கள் கதவடியில் சொன்னதும், மனம் கோணாமல் படியிறங்கிப் போன உறவுகளே, உங்களுக்குத்தான் நாங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம்.